அடையாறு ஆஸ்பத்திரி தந்த அம்மையார்



எங்க பெரியம்மாவுக்கு ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலை. கழுத்தில் ஒரு கட்டி. முந்தானையால் மூடிக்கிட்டு ஒரு வருஷம் யாருக்கும் காட்டல. கடைசியில் கள்ளக்குறிச்சிக்கு வந்து காட்டியபோது தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்தது. சென்னை அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்குப் போன நான், அதை ஆரம்பித்தவர் யார் என்று தேடிப் படித்தேன்.

அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1927-ல் சட்டசபைக்குள் போன முதல் பெண் ஆனார். அவர் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-ல் வந்தது.

1923-ல் இவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்காங்க. டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியல! அந்த வலியை அவர் மறக்கவே இல்லை. ஊர் ஊராக நிதி திரட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறில் ஆஸ்பத்திரி திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே உழைத்தார். அம்மையார் 1968 ஜூலை 22-ல் மறைந்தார்.

அவர் காலத்தில் தெரியாத ஒரு விஷயம் இன்று தெரியும். நம் உடம்பின் எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே ஜீன்கள்தான். எந்த ஜீனைப் படியெடுக்க வேண்டும் என்பதை டி.என்.ஏ. மேல் உட்காரும் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. இவைதான் படியெடுத்தல் காரணிகள், ஸ்விட்ச் மாதிரி. தைராய்டு செல்லில் பாக்ஸ்-8, டி.டி.எஃப்-1 என்ற ஸ்விட்சுகள், அயோடினை உள்ளே இழுக்கும் புரதத்தின் ஜீனை இயக்குகின்றன. அதனால் கதிரியக்க அயோடின் கொடுத்தால் அது புற்றுநோய் செல்லைத் தேடிப் போய் அழிக்கும். சில புற்றுநோயில் இந்த ஸ்விட்சுகள் அணைந்துவிடும். அப்போ அயோடின் உள்ளே போகாது, மருந்தும் கேட்காது.

பெரியம்மாவுக்கு ஸ்விட்ச் அணையல. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த அயோடின் வேலை செய்தது. இப்போ மலையில் சாமை அறுக்கப் போறாங்க.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. ஆனால் உங்க வீட்டில் யாராவது முந்தானையால் கழுத்தை மூடினால், இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்க.