சாலமன் பெர்சன்

சாலமன் ஆரன் பெர்சன் (ஏப்ரல் 22, 1918 – ஏப்ரல் 11, 1972) அமெரிக்க மருத்துவரும் உடலியங்கியல் ஆய்வாளரும் ஆவார். ரோசலின் யாலோ என்னும் இயற்பியலாளருடன் இணைந்து, குருதியில் மிக நுண்ணிய அளவில் உள்ள இயக்குநீர்களை (ஹார்மோன்களை) அளக்க உதவும் கதிரியக்க நோயெதிர்ப்பு மதிப்பீட்டு முறையை உருவாக்கினார். பிறபொருளெதிரியை அளவுகருவியாகப் பயன்படுத்தலாம் என்பதை இம்முறை நிறுவியது.

இளமையும் கல்வியும்

பெர்சன் நியூயார்க் நகரில் பிறந்தார். 1938 இல் நியூயார்க் நகரக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மருத்துவக் கல்விக்காக விண்ணப்பித்த கல்லூரிகள் யாவும் அவருக்கு இடமளிக்க மறுத்தன. எனவே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, அங்கே உடற்கூற்றியல் கற்பித்தார். 1941 இல் அப்பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயில இடம் கிடைத்தது. 1945 இல் மருத்துவரானார். 1946 முதல் 1948 வரை இராணுவத்தில் பணியாற்றினார். வயலின் வாசிப்பதிலும் சதுரங்கத்திலும் வல்லவர்.

யாலோவுடன் ஆய்வு

1950 இல் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் யாலோவின் கதிரியக்க ஓரிடத்தான் பிரிவில் சேர்ந்தார். யாலோ இயற்பியலையும் கணிதத்தையும், பெர்சன் மருத்துவத்தையும் உடலியங்கியலையும் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர். இக்கூட்டு முயற்சி 22 ஆண்டுகள் நீடித்தது.

முதலில் குருதியின் கனவளவு, தைராய்டு சுரப்பியின் அயோடின் பயன்பாடு ஆகியவற்றை ஆராய்ந்தனர். பின்னர், நடுவயதில் தோன்றும் நீரிழிவில் இன்சுலின் மிக விரைவாகச் சிதைகிறது என்ற கருதுகோளைச் சோதிக்க முனைந்தனர். கதிரியக்க அயோடின் இணைத்த இன்சுலினை நீரிழிவு நோயாளிகளுக்கும் பிறருக்கும் செலுத்தினர். முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. முன்பே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் குருதியிலிருந்து அது மெதுவாகவே மறைந்தது. விலங்குகளிலிருந்து எடுக்கப்பட்ட அந்த இன்சுலினுக்கு எதிராக உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்கியிருந்ததும், அவை இன்சுலினைப் பற்றிக்கொண்டதுமே இதற்குக் காரணம்.

இன்சுலின் போன்ற சிறிய மூலக்கூறு பிறபொருளெதிரியைத் தூண்டாது என்பதே அக்கால அறிஞர்களின் நம்பிக்கை. ஆகவே இவர்களின் கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்க மறுத்தன. தலைப்பில் பிறபொருளெதிரி என்ற சொல்லைக் கைவிட்ட பிறகே, 1956 இல் கட்டுரை வெளிவந்தது.

மதிப்பீட்டு முறை

குறிப்பிட்ட அளவு பிறபொருளெதிரியுடன் கதிரியக்க இன்சுலினும் நோயாளியின் குருதி மாதிரியும் சேர்க்கப்படுகின்றன. மாதிரியிலுள்ள இன்சுலின், கதிரியக்க இன்சுலினுடன் பிணைப்பிடத்துக்குப் போட்டியிடுகிறது. மாதிரியில் இன்சுலின் மிகுந்தால், பிறபொருளெதிரியுடன் பிணையும் கதிரியக்கம் குறையும். அளவு தெரிந்த மாதிரிகளுடன் ஒப்பிட்டு இன்சுலினின் அளவு கணிக்கப்படுகிறது.

உணவு உண்ணாத நிலையில், ஒரு மில்லிலிட்டர் குருதியில் உள்ள இன்சுலின் பொதுவாக ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதையும் இம்முறையால் அளக்க முடிந்தது. 1960 இல் விரிவான கட்டுரை வெளியானது. நடுவயது நீரிழிவாளர் பலரிடம் இன்சுலின் குறையவில்லை, உடல் அதற்கு உரியவாறு இணங்கவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. வளர்ச்சி இயக்குநீர், காசுட்ரின் முதலியவற்றையும் இவர்கள் அளந்தனர். இம்முறைக்கு இருவரும் காப்புரிமை பெறவில்லை.

மறைவும் நோபல் பரிசும்

1968 இல் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியின் மருத்துவத் துறைத் தலைவரானார். 1972 இல் அட்லாண்டிக் சிட்டி நகரில் ஓர் அறிவியல் மாநாட்டிற்குச் சென்றிருந்தபோது மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

யாலோ தம் ஆய்வகத்திற்கு பெர்சனின் பெயரைச் சூட்டினார். அதனால் அங்கிருந்து வெளிவந்த கட்டுரைகளில் அவர் பெயர் தொடர்ந்து இடம்பெற்றது. 1977 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசின் பாதி யாலோவுக்கு வழங்கப்பட்டது. மறைந்தவர்களை இப்பரிசுக்குத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால் பெர்சனுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. மறுபாதியை மூளையில் சுரக்கும் பெப்டைடு இயக்குநீர்களை ஆராய்ந்த ரோசே கியேமினும் ஆண்ட்ரூ ஷாலியும் பெற்றனர். அவர்களுடைய ஆய்வுக்கும் பெர்சன், யாலோ ஆகியோரின் அளவீட்டு முறை உதவியிருந்தது.