முன்ஷி அப்துல்லாஹ்வின் பாட்டியார்

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாப் பக்கம் சரக்கெடுக்கப் போகும் நம் சகோதரர்கள் ஜாலான் முன்ஷி அப்துல்லாஹ் என்னும் தெருவை அறிவார்கள். மலாக்காவிலும் அப்பெயரில் ஒரு தெரு உண்டு. தெருவை அறிந்தோமேயன்றி மனிதரை அறிந்தோமில்லை. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவர் நாம். நமக்கு இப்பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் அவசியம் வந்தது நமது வீட்டில் எழுந்த ஒரு விவகாரத்தால். அதைப் பின்னர் சொல்வோம்.

முன்ஷி அப்துல்லாஹ் அவர்களின் பாட்டனாருக்குத் தகப்பனார் எமன் நாட்டு அரபி, ஷெய்கு அப்துல் காதிர் என்பவர். மார்க்கமும் மொழியும் போதிப்பது அவர் தொழில். கடல் கடந்து நம் நாகூருக்கு வந்து, ஓதிக் கொடுத்து, அங்கேயே விவாகம் செய்துகொண்டார். நான்கு ஆண் மக்கள் பிறந்தனர். தகப்பனார் மௌத்தான பிறகு மக்கள் கிழக்கே கப்பலேறினர். அவர்களில் முகம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்காவில் இறங்கி, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை நிக்காஹ் செய்தார். மலாக்காவின் மீரா லெப்பை எந்தக் கரையிலிருந்து வந்த குடும்பம் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!

அந்த அம்மையாரின் பெயரை நூலில் பெரி ஆச்சி என்று காண்கிறோம். நம் காதுக்கு அது பெரியாச்சி என்றே ஒலிக்கிறது. மலாக்கா கம்போங் பாலியில் அவர் பள்ளி நடத்தினார். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 200 பிள்ளைகள் அவரிடம் குர்ஆன் ஓதினர். இது 18-ஆம் நூற்றாண்டில் என்பதைக் கவனிக்கவும். இன்று பெண்பிள்ளை கடைக்கணக்குப் பார்ப்பதையே குறையாகப் பேசும் சிலர் நம்மிலும் உண்டு. அது வேறு பேச்சு.

பெரியாச்சியின் மகன் அப்துல் காதிர். இவர் தமிழ்க் கணக்கிலும் மலாய்க் கடிதம் எழுதுவதிலும் கெட்டிக்காரர். மலாய் அகராதி தொகுத்த மார்ஸ்டன் என்னும் ஆங்கிலேயருக்கு மலாய் கற்பித்தவரும் இவரே. ஒரு விவாகம் செய்து, அது முறிந்து, பிறகு ஸலாமா என்னும் பெண்ணை மணந்தார். ஸலாமாவின் முன்னோர் கெடாவில் இருந்த இந்தியர். இஸ்லாத்தைத் தழுவிய பின் மலாக்காவுக்குக் குடிவந்தனர். அரபி ஷெய்கின் பேரனுக்கு, புதிதாகக் கலிமா சொன்ன குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறார்கள். நம் ஜமாஅத்தில் இன்று அப்படி ஒரு சம்பந்தம் வந்தால் எத்தனை பேர் விருந்துக்கு வருவார்கள், எத்தனை பேர் வெளியூர் போய்விடுவார்கள் என்பதை அவரவர் மனம் அறியும்.

அந்தத் தம்பதிக்கு 1796-இல் பிறந்தவரே நம் அப்துல்லாஹ். இவருக்கு முன் பிறந்த நால்வரும் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர். இவரும் நோஞ்சான் குழந்தை. ஆகவே உம்மா ஒருவரின் பாலோடு விடாமல், ஊர்ப் பெண்கள் பலரிடம் கொடுத்துப் பால் குடிக்க வைத்தனர். பால் கொடுத்தவளும் தாய் என்பது நம் ஷரீஅத்துச் சட்டம். அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு மலாக்காவில் எத்தனை வீடு தாய் வீடு! அப்துல்லாஹ் என்ற பெயரை வைத்தவரும் ஹத்தாது குடும்பத்து அரபி ஸைய்யிது ஒருவர்.

பிள்ளை வளர்ந்ததும் வாப்பா அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு படித்தார். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் நாளிலிருந்து வந்த வழக்கம். காரணம் வியாபாரம். கணக்கு தமிழில் இருந்தது, பெரிய வியாபாரிகளும் தமிழராயிருந்தனர். மலாய் மொழியில் வாப்பா இன்னும் கடுமை. ஒருநாள் கப்பல் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் எழுத வேண்டி வீட்டுக்கு வந்தார். வாப்பா வெளியே போயிருந்தார். பையனே எழுதிக் கொடுத்துக் கூலியும் வாங்கிவிட்டான். வாப்பா திரும்பியதும் நேரில் கோபித்துக் கொண்டார். உள்ளே போய் உம்மாவிடம் மகிழ்ந்தார். இந்த இடத்தைப் படித்தபோது நமது வாப்பாவின் முகமே முன்னால் நின்றது.

பிறகு கோட்டையிலிருந்த சிப்பாய்களிடம் இந்துஸ்தானி கற்றார். முன்ஷி என்ற பட்டம் அவர்கள் கொடுத்தது. 1810-இல் மலாக்கா வந்த ராபிள்ஸ் துரையிடம் எழுத்துவேலை செய்தார். பாதிரிமார்களுக்கு மொழி கற்பித்து, அவர்களுடைய அச்சுக்கூட வேலையும் பழகினார். அதற்காக அப்துல்லாஹ் பாதிரி என்ற ஏளனப் பெயரும் கிடைத்தது. சிங்கப்பூரில் வாழ்ந்து, தம் வரலாற்றை ஹிக்காயத் அப்துல்லாஹ் என்ற நூலாக எழுதினார். அது 1849-இல் அச்சேறியது. பிற்காலத்தில் அவர் புத்தகங்கள் மலாய்ப் பள்ளிகளில் பாடமாயின. மலாய் மன்னர்களையும் மக்கள் பழக்கங்களையும் அவர் கண்டித்து எழுதியதுண்டு. அதனால் அவர் மலாய்க்காரர்தானா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். வழக்காடட்டும். எமன் அரபியையும், நாகூரையும், பெரியாச்சியையும், கெடாவையும் தம் நூலின் தொடக்கத்திலேயே அவர் எழுதி வைத்துவிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை.

1840-இல் அவர் மனைவியார் பிரசவத்தை அடுத்து இறந்தார். அப்போது பிறந்த மகனுக்கு, நாகூரிலிருந்து கப்பலேறிய பாட்டனாரின் பெயரான முகம்மது இப்ராஹீம் என்பதே வைக்கப்பட்டது. அப்துல்லாஹ் அவர்கள் 1854-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுத் திரும்பி வரவில்லை. மகனோ ஜொகூர் அரசாங்கத்தில் உயர்ந்து, டத்தோ பட்டம் பெற்று, தாமும் நூல் எழுதி, 1904-இல் காலமானார்.

இனி நமது விவகாரம். நமது வாப்பாவின் தமையனார் கோலா சிலாங்கூர்ப் பக்கத்து மலாய்க் கம்பத்தில் நிக்காஹ் செய்தவர். ஊருக்கு எழுதிய கடிதங்களில் வாப்பா அதைச் சொல்லவேயில்லை. நாகூரில் இருந்த பாட்டியாருக்கு மூத்த மகன் கடைசிவரை பிரம்மச்சாரி! ஆனால் மாக் லோங், அதாவது அந்தப் பெரியம்மா, ஆண்டுதோறும் மாமியாருக்கு ஒரு பாத்திக் கைலி எடுத்துக் கொடுத்தனுப்புவார். கடைச் சரக்கு என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பாட்டியார் விரும்பி உடுத்தினார். யார் அனுப்பியது என்று அறியாமலே மௌத்தானார். இதற்கு நாமும் உடந்தை. ஒரு தடவை ஊருக்குப் போனபோது அந்தக் கைலியை நம் கையாலேயே கொடுத்து, அதே பொய்யைச் சொன்னோம்.

இப்போது நமது மகன், ராசாவில் இருக்கும் ஒரு மலாய்க் குடும்பத்தில் பெண் கேட்கச் சொல்கிறான். மூன்று மாதம் நாம் வாய் திறக்கவில்லை. கோலா குபு பாருவில் கடை வைத்து, காலையில் முதல் போணியே மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் வாங்குகிற நமக்கு இந்த விஷயத்தில் மட்டும் நாக்கு எழவில்லை. உம்மாவும் பேசவில்லை. சென்ற மாதம் இஷாவுக்குப் பிறகு, மேலே கண்ட வரலாற்றை அவர்களுக்குச் சொன்னோம். மாக் லோங்கின் கைலிக் கதையையும் முதன்முறையாக மறைக்காமல் சொன்னோம். உம்மா வெகுநேரம் தஸ்பீஹ் உருட்டிக் கொண்டிருந்தார்கள். இனத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறக்கும் பிள்ளைகள் தம்மிடம் எந்தப் பாஷையில் பேசும் என்று மட்டும் கேட்டார்கள். அப்துல்லாஹ்வை அவருடைய வாப்பா இரண்டரை ஆண்டு தமிழ் படிக்க அனுப்பியதை மறுபடியும் சொன்னோம். அனுப்புகிற வாப்பாவாக உன் மகன் இருப்பானா என்றார்கள்.

அதை அவனிடமே கேட்கச் சொல்லியிருக்கிறோம். வருகிற ஞாயிறு கடையை அரைநாள் சாத்திவிட்டு, உம்மாவையும் மாக் லோங்கையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு ராசாவுக்குப் போகிறோம்.