தமிழில் வைத்தியர்களை உருவாக்கிய கிறீன்: மலையகத்திற்கு இன்னும் வந்து சேராத பாடம்

ஹட்டனிலிருந்து தோட்டங்களுக்குள் போகும் பாதைகளில், லயங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய கட்டடத்தைப் பார்க்கலாம். தோட்ட மக்களுக்கு அது டிஸ்பென்சரி. அங்கே இருப்பவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர் அல்ல; தோட்ட வைத்திய உதவியாளர். ஆனாலும் மக்களுக்கு அவர் டாக்டர் ஐயாதான். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவர், கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தைக் கட்டுபவர், யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுப்பவர் எல்லாம் அவரே. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மருத்துவிச்சி இருக்கிறார்.

முழு வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கும் இத்தகையவர்களை முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் உலகில் பின்னாளில்தான் வலுப்பெற்றது. நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதக்கூடிய தாதியரை உருவாக்கும் பயிற்சி, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கியது. ஆனால் கிராமத்துக்கு அருகிலேயே, கிராமத்து ஆட்களைக் கொண்டே வைத்தியம் நடத்தலாம் என்பதை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மானிப்பாயில் ஒருவர் செய்து காட்டிவிட்டார். அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டு மானிப்பாய். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை.

வந்தவுடன் அவருக்குப் புரிந்தது ஒன்று. தனி ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தாலும் குடாநாட்டுக்குப் போதாது. ஆகவே 1848இலேயே ஒரு சில இளைஞர்களைச் சேர்த்து வகுப்பைத் தொடங்கினார். மாணவர்கள் காலையில் நோயாளிகளின் பக்கத்தில் நின்று கற்றார்கள். புத்தகப் பாடமும் நடந்தது. 1850இல் யாழ்ப்பாணத்தில் உருவான நட்புறவுச் சங்க வைத்தியசாலையுடனும் அவருக்குத் தொடர்பு இருந்தது. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வேர் அதுதான்.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. அதில் ஒரு சிக்கலை கிறீன் கண்டார். ஆங்கிலம் படித்து முடித்தவர்கள் நல்ல சம்பளத்தையும் நகரத்தையும் தேடிப் போனார்கள். கிராமம் பழையபடியே கிடந்தது. 1857இல் உடல்நலம் குன்றி நாடு திரும்பிய அவர், 1862இல் மனைவியுடன் மறுபடி வந்தார். இந்த முறை வந்தவர் வேறு முடிவோடு வந்தார். 1864இலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர்கள் தங்கள் உடையையும் உணவையும் விட்டுவிடக் கூடாது என்றும் வற்புறுத்தினார்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். 1857இலேயே பிரசவ வைத்தியம் பற்றிய நூல் வந்திருந்தது. 1867இல் இரண வைத்தியம். 1872இல் கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம். பின் வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று வரிசை நீண்டது. சப்மன், டான்வொர்த் போன்ற பெயர்களை ஏற்றிருந்த தமிழ் மாணவர்கள் இந்த வேலையில் அவருக்குத் தோள் கொடுத்தார்கள். ஒவ்வோர் எலும்புக்கும், ஒவ்வொரு நோய்க்கும் பெயர் தேட வேண்டியிருந்தது. பழைய சித்த வைத்தியச் சொல் கிடைத்தால் அதை எடுத்தார். கிடைக்காத இடத்தில் வடமொழிச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ தமிழாக்கிக் கொண்டார். அவரிடம் பயின்றவர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிக்கு மேல் தமிழ்வழி மாணவர்கள்.

அவரிடம் குறைகளும் உண்டு. அவர் சமயம் பரப்ப வந்தவர். வைத்தியமும் அந்தப் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவருடைய வகுப்பில் பெண்கள் இல்லை. பிரசவம் பார்த்த ஊர் மருத்துவிச்சிகளின் கைகளுக்கு அவருடைய பிரசவ நூல் நேராகப் போய்ச் சேரவில்லை. பெண்களுக்கான மிஷன் வைத்தியசாலை இணுவிலில் திறக்கப்பட்டது 1898இல்தான். அப்போது கிறீன் உயிரோடு இல்லை.

இனி மலையகத்துக்கு வருவோம். மனுஷ அங்காதிபாதம் வெளிவந்த அதே 1872இல்தான், கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டமும் இலங்கையில் பிறந்தது. தமிழகத்திலிருந்து மன்னார் வழியே காடு மேடு கடந்து நடந்து வந்த மக்கள், வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியாகிக்கொண்டிருந்த காலம் அது. சட்டம் வந்தது, மெல்ல மெல்ல டிஸ்பென்சரிகளும் வந்தன. ஆனால் கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி கற்பித்ததோ ஆங்கிலத்தில். தமிழ் மட்டுமே தெரிந்த தொழிலாளிக்கும் வைத்தியத்துக்கும் நடுவே அன்று விழுந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. ஆங்கிலம் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் சிங்களம் இருக்கிறது; அவ்வளவே வித்தியாசம். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த தாய்க்கு, அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் தாதி எல்லா வார்டிலும் கிடைப்பதில்லை.

இது மலையகத்தாரின் கவலை மட்டும் என்று வடக்கில் இருக்கும் நாம் ஒதுங்க முடியாது. 1958இலும் 1977இலும் வன்முறைக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறியவர்களில் மலையகக் குடும்பங்கள் ஏராளம். யுத்த காலத்தில் வன்னியின் வைத்தியசாலைகளைத் தாங்கியவர்களில் உதவி வைத்திய அதிகாரிகளும் தாதியரும் குறுகிய பயிற்சி பெற்ற தொண்டர்களும் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். முழு வைத்தியர் வர முடியாத இடத்தில் நின்றவர்கள் அவர்கள். நம் மொழியில் நம்மோடு பேசியவர்களும் அவர்களே. அந்த உதவி வைத்திய அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன.

கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். வூஸ்டரில் இருந்தபடியும் தமிழ் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1884 மே மாதம் காலமானார். தமிழர்களுக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்பதே தன் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்று விரும்பினார்; அப்படியே பொறித்தார்கள். மானிப்பாயில் அவர் பெயரில் வைத்தியசாலை இருக்கிறது. அவர் தொடங்கிய தமிழ்வழி வகுப்போ அவருக்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை.

தோட்டப் பாடசாலையில் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை தாதியாகவோ மருத்துவிச்சியாகவோ பயிற்சி பெற்று, தன் லயத்துக்குப் பக்கத்திலேயே வேலைக்கு வருவதற்கு வழி இருக்க வேண்டும். புதிய கட்டடங்களைத் திறப்பதைவிட இது சிரமமான வேலை. நாள் பிடிக்கும் வேலை. 150க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் ஒரு சில மாணவர்களோடு கிறீன் தொடங்கியதும் இதே வேலைதான்.