ஆழ்கடல் கண்ட ஆல்காக்

கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், அலையோசை எட்டாத பெங்களூரில் வாழ்கின்றோம் நாம். கடலின் அடியில் உறையும் உயிர்களை உலகறியச் செய்த அறிஞர் ஒருவரின் வரலாற்றை நம் குடும்பங்களின் இளஞ்சிறார்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆல்பிரெட் வில்லியம் ஆல்காக் 1859-இல் பம்பாயில் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். குடும்பத்தின் செல்வம் குன்றவே இங்கிலாந்தில் அவருடைய பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. 1876-இல், பதினேழாம் அகவையில், நமக்கு அண்மையிலுள்ள வயநாட்டின் காப்பித் தோட்டங்களுக்கு அனுப்பப்பெற்றார். அத்தொழிலும் நலிந்தது. பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது முதலிய பல பணிகளில் உழன்றார். ஆயினும் கல்வி வேட்கை தணிந்திலது. ஸ்காட்லாந்து சென்று, அபர்டீன் பல்கலைக்கழகத்தில் 1885-இல் மருத்துவப் பட்டம் பெற்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

1888-இல் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் கடலளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் அமர்ந்தார். கடல் வரைபடம் ஆக்குவதே அக்கப்பலின் தலையாய கடமை. உயிராராய்ச்சிக்கு எஞ்சியது சிறு பொழுதே. அதனையும் அவர் வீணாக்கினாரல்லர். அந்தமான், இலட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றைச் சூழ்ந்த கடல்களில், நீண்ட வடத்தில் பிணித்த இழுவலை இறக்கப்பெற்றது. சில இடங்களில் அது 6,000 அடிக்கும் கீழே சென்றது. நம் நகரின் உயரத்தைப் போல் இருமடங்கு ஆழம்! அதனை இறக்கி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். அதில் இந்தியக் கப்பல் தொழிலாளரின் உழைப்பும் கலந்திருந்தது.

கதிரவன் ஒளி புகாத அவ்விருளிலிருந்து, தாமே ஒளி உமிழும் மீன்களும், பார்வை மங்கிய நண்டு, இறால் இனங்களும், கண்ணாடி இழையால் நெய்தாற் போன்ற கடற்பஞ்சுகளும் மேலே வந்தன. மழைக்காலத்தில் கப்பல் கடலோடாது. அப்பொழுது அவர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்து, அவ்வுயிர்களை ஆராய்ந்து, புதியனவற்றிற்குப் பெயரிட்டார்.

1893-இல் அவ்வருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. 1901-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். மறு ஆண்டில் தம் கடற்பயண அனுபவங்களை நூலாக்கினார். அருங்காட்சியகத்தின் விலங்கியற் பகுதியே 1916-இல் இந்திய விலங்கியல் அளவைத் துறையாக மலர்ந்தது. ஆல்காக் 1933-இல் மறைந்தார்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, படிப்பு இடையில் நின்ற பிள்ளைகளின் துயர் புதிதன்று. அத்தகையோர்க்கு மீண்டும் கல்வி வாயில் திறக்கக் கைகொடுப்பது நம் கடனாகும்.