வானளாவிய கட்டடங்களுக்குப் புது வழி காட்டிய ஃபஸ்லுர் ரஹ்மான் கான்

துபாய், தோஹா, ரியாத் என்று பிழைப்புக்காகச் சென்ற நம் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம், கடலூர் சகோதரர்கள் ஊருக்கு அனுப்பும் படங்களில் பெரும்பாலும் பின்னணியில் ஒரு வானளாவிய கட்டடம் நிற்கும். அத்தகைய கட்டடங்கள் இன்று இவ்வளவு உயரம் எழ வழி செய்தவர் டாக்காவில் பிறந்த ஒரு முஸ்லிம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

அவரைப் பற்றிப் பேசுமுன் அந்தக் கட்டடங்களின் பெயரைக் கொஞ்சம் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஸ்கைஸ்கிரேப்பர் என்பார்கள். வானத்தைச் சுரண்டுவது என்று பொருள். இந்தச் சொல் முதலில் கட்டடத்துக்கு உரியதல்ல, கடலுக்கு உரியது. பாய்மரக் கப்பலின் உச்சியில் கட்டிய சின்னஞ்சிறு பாய்க்குத்தான் 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் இருந்தது. மரக்கலம் ஓட்டிய மரக்காயர்களின் ஊரான பரங்கிப்பேட்டைக்கு, அன்றைய மஹ்மூது பந்தருக்கு, இது அந்நியமான செய்தி அல்ல. 1880களில் அமெரிக்காவில் பத்து மாடிக் கட்டடங்கள் எழுந்தபோது கப்பலின் சொல் கரையேறிக் கட்டடத்துக்கு வந்துவிட்டது.

அரபியில் நாதிஹத்து ஸஹாப் என்கிறார்கள். மேகத்தை முட்டுவது என்று அர்த்தம். கொம்பால் முட்டுவதைக் குறிக்கும் இதே வேர்ச்சொல்லிலிருந்துதான், முட்டப்பட்டுச் செத்த பிராணியைக் குறிக்கும் நதீஹா என்ற சொல்லும் வருகிறது. ஸூரத்துல் மாயிதாவின் 3ஆம் வசனத்தில், உண்ணத் தடுக்கப்பட்டவற்றின் பட்டியலில் அதைக் காணலாம். ஒரு மொழி சுரண்டுகிறது, ஒரு மொழி முட்டுகிறது. தமிழ் மட்டும் அமைதியாக, வானை அளாவுவது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

உயர்ந்த கட்டடம் என்றதும் நமக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து கேள்விகள் கேட்ட ஹதீஸும் நினைவுக்கு வரும். ஏழை ஆட்டிடையர்கள் உயரமான கட்டடங்கள் எழுப்புவதில் போட்டியிடுவது மறுமை நாளின் அடையாளங்களில் ஒன்றாக அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால் உயரத்துக்கே தன் அறிவைச் செலவிட்ட இந்த மனிதரை நாம் எப்படிப் பார்ப்பது? அவர் வாழ்க்கையே அதற்குப் பதில் தருகிறது.

1929 ஏப்ரல் 3ஆம் நாள் அவர் பிறந்தார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான். தந்தை கணித ஆசிரியர். பின்னாளில் கல்வித் துறையில் உயர் பொறுப்புகள் வகித்தவர். டாக்காவில் பள்ளிப் படிப்பை முடித்த மகன், பொறியியல் படிக்கக் கல்கத்தாவை அடுத்த சிப்பூருக்கு வந்தார். 1950ல் வகுப்புக் கலவரம் வெடித்ததால் பாதியில் டாக்கா திரும்பி, அங்கே அஹ்சனுல்லா பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1952ல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் முனைவர் பட்டமும் பெற்றார். 1955ல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் பாகிஸ்தான் திரும்பி கராச்சியில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1960ல் மீண்டும் அதே நிறுவனத்துக்கு வந்தார்.

அங்கே அவர் எதிர்கொண்ட பிரச்சினை காற்று. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் காற்றின் பலத்தைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். கட்டடம் உயர உயர, அதன் சொந்த எடையை விட அதைப் பக்கவாட்டில் தள்ளும் காற்றுதான் பெரிய சவாலாகிறது. பழங்காலத்தில் இதற்கு ஒரே வழி பருமன். சிதம்பரம் கோயில் கோபுரங்களைப் பாருங்கள்: அடியில் அகன்ற கருங்கல், மேலே போகப் போகக் குறுகும் செங்கல். எடையே அவற்றை நிறுத்தி வைக்கிறது. எஃகு வந்த பிறகும் கட்டடத்துக்குள்ளே தூண்களையும் உத்திரங்களையும் சட்டமாகக் கோத்து நிறுத்தினார்கள். மாடிகள் கூடக்கூட எஃகும் செலவும் தாறுமாறாக ஏறின. ஓரளவுக்கு மேல் கட்டுவது கட்டுபடியாகவில்லை.

கான் தூண்களை வெளிச்சுவரோரமாக நெருக்கி நிறுத்தி, கட்டடம் முழுவதையுமே ஒரு குழாயாக மாற்றினார். மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெற்றிடம், பலமெல்லாம் வெளிச்சுற்றில். அதனால்தான் அவ்வளவு மெலிந்த மூங்கில் காற்றில் வளைந்தும் ஒடியாமல் நிற்கிறது. இந்த முறையில் சிகாகோவில் 43 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று முதலில் எழுந்தது. அடுத்து, கட்டட வடிவமைப்பாளர் புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து 100 மாடி ஜான் ஹான்காக் சென்டரை அமைத்தார். அதன் வெளிப்புறத்தில் பெரிய பெரிய பெருக்கல் குறிகள் போல் தெரியும் எஃகுச் சட்டங்கள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. காற்றைத் தாங்குபவை அவைதாம்.

கணக்கைப் பாருங்கள். 1931ல் கட்டப்பட்ட நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 206 கிலோ எஃகு செலவானது. ஹான்காக் கட்டடத்துக்கு 145 கிலோவே போதுமானதாக இருந்தது. வீண்விரயம் கூடாது என்று நாம் மிம்பரில் கேட்பதை அவர் எஃகில் செய்து காட்டினார்.

கட்டடம் விழாமல் நிற்பதோடு அவர் திருப்தி அடையவில்லை. காற்றில் மேல்மாடி லேசாக அசையும்போது அங்கே குடியிருப்பவருக்குத் தலைசுற்றுமா என்று யோசித்தார். சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு சுழலும் மேடையில் ஆட்களை ஏற்றி, எந்த அளவு அசைவை மனிதர் உணர்கிறார் என்று சோதித்துப் பார்த்தார்.

அடுத்து ஒன்பது குழாய்களை ஒரு கட்டாகச் சேர்த்து, அவற்றை வெவ்வேறு உயரங்களில் நிறுத்தி, 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்ட சியர்ஸ் டவரை எழுப்பினார்கள். 1973ல் அது உச்சியைத் தொட்டபோது உலகிலேயே உயரமான கட்டடம். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் வந்த 1998 வரை அந்தப் பெருமை அதற்கே இருந்தது.

புகழின் உச்சியில் இருந்தபோதே 1971ல் அவர் தாயகத்தில் போர் மூண்டது. சிகாகோவில் இருந்தபடி நிதி திரட்டவும், அமெரிக்க அரசியல்வாதிகளிடம் தம் மக்களின் துயரை எடுத்துச் சொல்லவும் அமைப்புகளைத் தொடங்கி நடத்தினார். அலுவலக வேலையும் அகதிகளின் கவலையுமாக அவர் வாழ்ந்த காலம் அது.

அவருடைய கடைசிப் பெரும்பணி உயரமான கட்டடம் அல்ல, கூடாரம். ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்தின் ஹஜ் முனையம். ஜித்தா வழியாக ஹஜ்ஜுக்குப் போனவர்கள் அந்த வெள்ளைக் கூடாரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரம், மொத்தம் 210. கண்ணாடி இழையால் நெய்து டெஃப்லான் பூசிய துணி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. சூடான காற்று கூம்பின் உச்சித் திறப்பு வழியே மேலேறி வெளியேறிவிடுகிறது. குளிர்சாதனம் இல்லாத திறந்த வெளியிலும் ஹாஜிகள் நிழலில் இளைப்பாறலாம். 1981ல் திறக்கப்பட்ட இந்த முனையத்துக்கு 1983ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

அந்த விருதைப் பார்க்க அவர் இல்லை. 1982 மார்ச் 27 அன்று, ஹாஜிகளுக்கு நிழல் அமைத்த அதே ஜித்தாவில், மாரடைப்பால் வஃபாத் ஆனார். அப்போது வயது 52. சிகாகோவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மகளும் கட்டமைப்புப் பொறியாளர்தான். தந்தையின் பணியை நூலாக எழுதியிருக்கிறார். 2009ல் கெய்ரோவில் உரையாற்றிய அமெரிக்க அதிபர் ஒபாமா, தம் நாட்டின் மிக உயரமான கட்டடத்தை முஸ்லிம்கள் கட்டியதாகப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டது இவரைத்தான். 2010ல் திறக்கப்பட்ட 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்ததும் இவர் பணியாற்றிய நிறுவனமே.

ஹதீஸ் எச்சரிப்பது உயரத்தில் போட்டி போடும் மனதை. கான் போட்டதோ கணக்கு: எவ்வளவு குறைந்த பொருளில் எவ்வளவு பேரைப் பத்திரமாகக் குடிவைக்க முடியும் என்ற கணக்கு. கட்டடங்களின் பெயரில் வானமும் மேகமும் இருந்தாலும், அவர் கவனமெல்லாம் உள்ளே இருக்கப்போகும் மனிதர் மேல் இருந்தது. அண்ணாமலை நகரிலும் பிற கல்லூரிகளிலும் கட்டடவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வேண்டும். அறிவைத் தற்பெருமைக்குச் செலவிடுவதற்கும் மக்களுக்குப் பயன்படச் செலவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது.

அன்னாரின் பிழைகளை வல்ல அல்லாஹ் பொறுத்தருள்வானாக. ஆமீன்.