பேஸ் கிட்டார் தந்த லியோ ஃபெண்டர்

பொருள்களைப் படைத்து உலகுக்கு அளித்தவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டவர்கள் ஒரு வகையினர். பிறருக்கு வேண்டியது இன்னது என்பதைக் கேட்டறிந்து செய்து தந்தவர்கள் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினருள் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். கிட்டார் வாசிக்கவோ, அதற்குச் சுருதி சேர்க்கவோ அவர் கற்றதில்லை. எனினும், உலகெங்கும் மேடைகளில் ஒலிக்கும் பேஸ் கிட்டாருக்கு நிலையான வடிவம் தந்தவர் அவரே.

கடலூரிலும் சிதம்பரத்திலும் திருவிழா இரவுகளில் மெல்லிசைக் குழுவினர் மேடை ஏறும்போது நம் கண்கள் பாடகரையே நாடுகின்றன. ஓர் ஓரமாக நின்று நான்கு தடித்த கம்பிகளை மீட்டுபவரை நாம் பார்ப்பதில்லை. அவர் கை ஒரு கணம் நின்றால் போதும். கடைக்கால் இல்லாத கட்டடம்போலப் பாட்டு தடுமாறும். 1976-ஆம் ஆண்டு 'அன்னக்கிளி' வாயிலாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்த இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேட்டவர்கள், அக்கருவி தாளத்துக்குத் துணையாக நிற்பதோடு தனக்கென ஓர் இன்னிசையும் பாடுவதை அறிவார்கள். அக்கருவியை வாங்குவோரும் விற்போரும் சீர்செய்வோரும் அறிய வேண்டிய வரலாறு ஃபெண்டருடையது.

இளமை

கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த எளிய குடும்பத்தில் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 10-ஆம் நாள் லியோ பிறந்தார். எட்டாம் வயதில் கட்டி ஒன்றின் காரணமாக இடக்கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டார். பதின்மூன்றாம் வயதில், மோட்டார் மின்கருவிக் கடை நடத்திய மாமா ஒருவர் பழைய வானொலி உதிரிப் பாகங்கள் நிறைந்த பெட்டியொன்றை அனுப்பிவைத்தார். அந்தப் பெட்டியே அச்சிறுவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

கல்லூரியில் அவர் பயின்றது மின்னியல் அன்று, கணக்கியல். கணக்கராக வேலையும் பார்த்தார். பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. வேலை பறிபோயிற்று. மனம் தளராத அவர் 1938-ஆம் ஆண்டு 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார்.

பழுது கற்பித்த பாடம்

அந்தக் கடைக்கு வானொலிப் பெட்டிகள் மட்டும் வரவில்லை. நடனக் கூடங்களில் வாசித்த இசைக்கலைஞர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளையும் மின் கிட்டார்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தப் பாகம் அடிக்கடி கெடுகிறது, எந்தத் திருகு கைக்கு எட்டாமல் இருக்கிறது, எந்த ஒட்டு முதலில் விடுகிறது என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடமாயின. புதிதாகச் செய்வதைவிட, செய்ததைத் திரும்பத் திரும்பச் சீராக்குவதில்தான் உண்மையான கல்வி இருக்கிறது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1945-இல் டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து சிறிய அளவில் கருவிகள் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டே நண்பர் விலகிக்கொள்ள, லியோ தம் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடர்ந்தார். 1950-இல் திண்மரத்தால் ஆன மின் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெலிகாஸ்டர் என்ற பெயரில் பின்னர் புகழ் பெற்ற கிட்டார் அதுவே.

ஆறடிக் கருவியின் அவதி

அந்நாளில் கீழ்ச்சுருதி வாசிக்க டபுள் பேஸ் என்னும் பெரிய கருவியே பயன்பட்டது. வயலின் குடும்பத்தைச் சேர்ந்த அது ஓர் ஆள் உயரம் இருக்கும். காரில் ஏற்றுவது கடினம். முரசும் மின் கிட்டாரும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எடுபடுவதும் இல்லை. போதாக்குறைக்கு அதன் கழுத்தில் மெட்டுகளும் கிடையா. விரல் ஒரு நூலிழை விலகினாலும் சுருதி பிசகும். பல்லாண்டுப் பயிற்சி உள்ளவர்களே அதைப் பழுதின்றி வாசிக்க முடியும்.

1930-களின் நடுவில் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் என்பவர் மெட்டுகளோடு கூடிய மின் பேஸ் ஒன்றைச் செய்தார். ஆனால் அது பரவவில்லை. ஃபெண்டர் 1951-ஆம் ஆண்டின் இறுதியில் கொண்டுவந்த கருவியே உலகை வென்றது. மெட்டு வைத்ததால் சுருதி துல்லியமாக விழும் என்ற பொருளில் அதற்குப் பிரிசிஷன் பேஸ் என்று பெயரிட்டார். கம்பியின் நீளம் 34 அங்குலம், மெட்டுகள் 20, கம்பிகள் 4. தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்கலாம். கிட்டார் அறிந்த எவரும் சில நாள்களில் பழகிக்கொள்ளலாம்.

வீணையும் பேஸ் கிட்டாரும்

அண்ணாமலை அரசர் 1929-இல் சிதம்பரத்தில் தோற்றுவித்த இசைக் கல்லூரியால் வீணை நமக்கு அயலானதன்று. வீணையில் வாசிக்கும் கம்பிகள் 4, மெட்டுகள் 24. கரித்தூள் கலந்த மெழுகில் வல்லுநர் ஒருவர் காதால் கேட்டுக் கேட்டு மெட்டுகளைப் பதிக்கிறார். நாளடைவில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் மீண்டும் அவரையே நாட வேண்டும்.

ஃபெண்டரின் கருவியில் முறை நேர்மாறானது. மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டு அசையாமல் நிற்கின்றன, அசைவது குதிரை. மெட்டுகளின் இடத்தைக் கணக்கு முடிவு செய்கிறது. எஞ்சிய கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டு கிடைக்கும். 34 அங்குலக் கம்பியில் முதல் மெட்டு ஏறத்தாழ 1.91 அங்குலத்தில் விழும். பன்னிரண்டாம் மெட்டு மிகச் சரியாகப் பாதியில், அதாவது 17 அங்குலத்தில் நிற்கும்.

கணக்கு இவ்வளவு துல்லியமானால் குதிரை ஏன் அசைய வேண்டும் என்று கேட்கலாம். விரலால் அழுத்தும்போது கம்பி சற்றே இழுபடுகிறது. இழுவிசை கூடினால் சுருதியும் கூடும். கம்பியின் பருமனுக்கும் விறைப்புக்கும் ஏற்ப இந்தப் பிழை மாறுபடும். ஆகவே ஒவ்வொரு கம்பிக்கும் நீளத்தைத் தனித்தனியே சரிசெய்தாக வேண்டும். முதற்கருவியில் நான்கு கம்பிகளுக்கும் சேர்த்து இரண்டே தாங்கிகளை வைத்திருந்த ஃபெண்டர், 1957-இல் கம்பிக்கு ஒன்றாக நான்கு தாங்கிகள் அமைத்தார். அதே ஆண்டில், கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்பையும் இரு கூறாக்கி, மின்சார இரைச்சலை ஒரு கூறு மற்றொன்றில் அழித்துவிடுமாறு செய்தார். ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை என்பதை இயற்பியல் மாணவர் எளிதில் உணர்வர்.

ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையை நாம் போற்றுகிறோம். பழுது பார்ப்பவர் கண்ணோடு நோக்கிய ஃபெண்டரோ கழுத்தையும் உடலையும் தனித்தனியே செய்து நான்கு திருகாணிகளால் பிணைத்தார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். கலைஞனின் பிழைப்பு ஒரு நாளும் நின்றுவிடக் கூடாது என்பதே அவர் நோக்கம்.

வாங்குவோர் கவனத்துக்கு

இக்கருவியைப் பலர் கைமாறிய நிலையில்தான் வாங்குகிறார்கள். ஃபெண்டரின் அமைப்பை அறிந்தவர் ஏமாற வேண்டியதில்லை.

முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடைக்கு ஈடான விசையோடு அதை வளைக்கின்றன. அதைத் தாங்கவே உள்ளே டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்தி, ஏழாம் எட்டாம் மெட்டுகளின் அருகே நோக்கினால் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி மிகுந்தால் கழுத்து முன்புறம் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்புறம் சாய்ந்திருக்கக்கூடும். டிரஸ் ராடைத் திருப்புவோர் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது.

அடுத்தது சுருதி. கம்பியை மீட்டிச் சுருதி சேர்த்தபின், பன்னிரண்டாம் மெட்டின் நேர் மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்ட வேண்டும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் நன்று. அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் தாங்கியைப் பின்னே தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும். குறைவாக இருந்தால் முன்னே கொண்டுவர வேண்டும். தாங்கியின் திருகு துருவேறி அசைய மறுக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று வீசும் ஊரில் வாழும் நமக்கு இது மிகவும் இன்றியமையாதது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் வைப்பவரின் கருவி நெடுநாள் உழைக்கும்.

மூன்றாவதாக, எல்லா மெட்டுகளிலும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டிப் பார்க்க வேண்டும். எங்கேனும் கம்பி உராய்ந்து இரைந்தால் அங்கே மெட்டு தேய்ந்தோ தூக்கியோ இருக்கிறது என்று பொருள். ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரப்புக் கேட்டால் பெரும்பாலும் தூசிதான் காரணம். அதற்காகக் கருவியையே ஒதுக்க வேண்டியதில்லை.

பெயரை விற்றார்

1954-இல் ஸ்டிராட்டோகாஸ்டர் கிட்டார், 1960-இல் ஜாஸ் பேஸ் என ஃபெண்டரின் படைப்புகள் தொடர்ந்தன. நிறுவனம் வளர்ந்தது, உடல் தளர்ந்தது. தீராத தொற்றுநோயால் நெடுங்காலம் துன்புற்ற அவர், இனித் தம்மால் நிறுவனத்தை நடத்த இயலாது என்று அஞ்சினார். 1965-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு அனைத்தையும் விற்றார். அந்த அனைத்திலும் ஃபெண்டர் என்ற பெயரும் அடங்கும்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! விற்ற சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவரின் சிகிச்சையால் நோய் அடியோடு நீங்கியது. உடலில் வலிவு திரும்பியது. ஆனால் தந்தை வழி வந்த பெயரைத் தாம் செய்யும் கருவியின் வணிகப் பெயராகப் பொறிக்கும் உரிமை திரும்பவில்லை. செய்துகொண்ட உடன்படிக்கையோ சில ஆண்டுகள் போட்டித் தொழிலில் இறங்காதவாறு அவரைத் தடுத்தது.

கருவிச் சந்தையின் போக்கு மற்றொரு பாடம். கைமாறியபின் செய்த கருவிகளில் பழைய நேர்த்தி இல்லை என்று கலைஞர்கள் குறைகூறினர். 1965-க்கு முந்தியவற்றைத் தேடி உயர்ந்த விலைக்கு வாங்கத் தலைப்பட்டனர். கழுத்தின் நான்கு திருகாணிகளையும் கழற்றி, அடிப்பகுதியில் பென்சிலால் எழுதிய தேதியைப் பார்த்து விலை பேசும் வழக்கமும் ஏற்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1985-இல், சி.பி.எஸ். அந்நிறுவனத்தை அதன் ஊழியர் குழு ஒன்றுக்கு 1 கோடியே 25 இலட்சம் டாலருக்கு, அதாவது வாங்கிய விலையிலும் குறைவாக விற்றுவிட்டது.

மீண்டும் முதலிலிருந்து

பெரும்பொருள் ஈட்டிய ஒருவர் அறுபது வயதுக்கு மேல் ஓய்வை நாடியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். லியோ மீண்டும் பணிமேசைக்கே சென்றார். பழைய தோழர்களின் மியூசிக் மேன் நிறுவனத்தில் சேர்ந்து, 1976-இல் ஸ்டிங்ரே என்ற பேஸ் கிட்டார் வெளிவரக் காரணமாக இருந்தார். சிறு மின்கலத்தால் இயங்கும் ஒலிச்சீரமைப்பை உள்ளேயே கொண்டது அது. 1980-இல் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு இணைந்து ஜி அண்டு எல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்ற இரு பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. அந்தத் தொழிற்சாலை அமைந்த தெருவுக்கு ஃபெண்டர் அவென்யூ என்று பெயர். தெருவில் எழுதியிருந்த பெயரைத் தம் நிறுவனத்தின் வாசலில் எழுத அவருக்கு உரிமையில்லை!

முதுமையில் பார்க்கின்சன் நோய் வாட்டியபோதும் பணிமனைக்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. 1991-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில் மறைந்தார். மறுஆண்டு அமெரிக்காவின் ராக் இசைப் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நாம் கொள்ள வேண்டியது

ஃபெண்டர் வாழ்வில் விற்றவையும் உண்டு. விற்க முடியாதவையும் உண்டு. கட்டடத்தை விற்றார், எந்திரங்களை விற்றார், பெயரையும் விற்றார். ஆனால் பல ஆண்டுகள் பழுது பார்த்துப் பெற்ற அறிவை எந்தப் பத்திரத்தில் எழுதித் தர முடியும்? அது அவருடனேயே வந்தது. அதைக் கொண்டே பெயரில்லாமல் மீண்டும் தொடங்கினார், வெற்றியும் கண்டார்.

மாணவ நண்பர்களே! பட்டம் என்பது நம் பெயருக்குப் பின்னால் எழுதும் எழுத்து. திறமை என்பது பெயரையே எடுத்துவிட்டாலும் நம் கையில் எஞ்சி நிற்பது. பழுது பார்ப்பவரைக் கீழாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. கடைத்தெருவில் மேசை விளக்கின் கீழ்க் குனிந்து பற்றாசு வைக்கும் இளைஞரைக் கடந்து செல்லும்போது, உலக இசையின் அடிநாதத்தை மாற்றியவரும் அத்தகைய ஒரு கடையில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைவிற்கொள்வோமாக!