மாலி மாநகரில் ஓர் இரவு: உலகப் பயணி இப்னு பதூதா

உலகப் பயணிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் இப்னு பதூதாவை விடுத்து எழுதவியலாது. மொரோக்கோ நாட்டின் தான்ஜியர் நகரில் 1304ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 703) பிறந்த இவ்வறிஞர், 1325ஆம் ஆண்டு, தம் இருபத்தோராம் அகவையில், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் வேட்கையுடன் தனியராய் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மக்கா நோக்கித் தொடங்கிய அப்பயணம் எகிப்து, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, தில்லி, மாலத்தீவு, இலங்கை என விரிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீண்டது.

தமிழகமும் அவர் காலடி பட்ட மண்ணேயாகும். 1344ஆம் ஆண்டளவில் அவர் மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் விருந்தினராக இருந்தார். அச்சுல்தானின் மனைவி, இப்னு பதூதா தில்லியில் மணந்த பெண்மணியின் உடன்பிறந்தவர். இவ்வுறவு இருந்தும், போர்க் கைதிகளையும் அவர்தம் மனைவி மக்களையும் சுல்தான் கொன்ற கொடுமையை அவர் மறைக்காது பதிவு செய்தார், கண்டிக்கவும் செய்தார். கண்டதைக் கண்டவாறு கூறும் அவர்தம் இயல்புக்கு இஃதொரு சான்று.

1349ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பியபோது பெற்றோர் இருவரும் உயிருடன் இல்லை. தந்தையார் பல்லாண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தார். அன்னையாரைக் கொள்ளைநோய் அண்மையில்தான் கொண்டுசென்றிருந்தது. அதன்பின்னும் அவர் கால்கள் ஓயவில்லை. கிரானடா சென்று மீண்டபின், தம் கடைசி நெடும்பயணமாக மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசை நோக்கிக் கிளம்பினார். 1324ஆம் ஆண்டு ஹஜ் வழியில் கெய்ரோவிற் பொன்னை வாரி வழங்கிய மன்சா மூசாவின் நாடு அது. அப்போது அங்கே மூசாவின் உடன்பிறந்தாரான மன்சா சுலைமான் ஆண்டுகொண்டிருந்தார்.

1352ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிஜில்மாசா நகரிலிருந்து வணிகர் கூட்டத்தோடு சகாராப் பாலையிற் புகுந்தார். இருபத்தைந்து நாள்களில் தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரை அடைந்தார். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பெற்று, ஒட்டகத் தோலால் வேயப்பெற்றிருந்தன. சுரங்கத்தில் உழைத்தோர் அடிமைகள். அதற்கப்பால் நீரற்ற வெளி. கூட்டத்திற்கு முன்னே ஒருவர் தனியே சென்று, வலாத்தா நகரிலுள்ளோர் தண்ணீருடன் எதிர்வருமாறு செய்தி சேர்ப்பது அவ்வழியின் ஏற்பாடு. அவர் வழியில் மாண்டால் கூட்டத்தார் உயிருக்கும் உறுதியில்லை. அக்கூட்டத்திற்கு வழிகாட்டியவருக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணில் நோய். எனினும் பாலையை அவர்போல் அறிந்தவர் வேறிலர் என இப்னு பதூதா வியக்கிறார்.

மாலிப் பேரரசின் வடவெல்லை நகரான வலாத்தாவில் நம் பயணியின் உள்ளம் புண்பட்டது. அரசப் பிரதிநிதி, வணிகர்கள் அருகிலேயே நின்றிருந்தும், மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே அவர்களோடு பேசினார். அதனை இகழ்ச்சியென இப்னு பதூதா கருதினார். பின்னர் விருந்துக்கு அழைத்தனர். சுரைக்குடுவையின் பாதியில் இடித்த தினையொடு சிறிது தேனும் பாலும் கலந்து கொணர்ந்தனர். அதுவே பெருவிருந்து என்று உடனிருந்தோர் கூறக்கேட்டு, இந்நாட்டில் நன்மை எதனையும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று முடிவு கட்டினார், திரும்பிவிடவும் எண்ணினார். அரசரின் தலைநகரைக் காணவேண்டும் என்னும் ஆவலே அவரைத் தடுத்தது.

ஐம்பது நாள்கள் அங்கே தங்கியபின் மூன்று தோழர்களுடன் புறப்பட்டார். வழி அச்சமற்றிருந்தமையால் பெருங்கூட்டம் தேவைப்படவில்லை. சாலையோரத்து முதிய பெருமரமொன்றின் பொந்துக்குள்ளே நெசவாளர் ஒருவர் தறியிட்டு நெய்துகொண்டிருக்கக் கண்டார். ஏறத்தாழ இருபத்துநான்கு நாள் வழி கடந்து, சன்சரா ஆற்றை ஓடத்தில் தாண்டி, 1352ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் (ஹிஜ்ரி 753, ஜமாதுல் அவ்வல் 14) தலைநகரை அடைந்தார்.

அந்த முதல் நாளை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். மொழி புதிது, உணவு புதிது, முன்னறிந்த முகம் ஒன்றுமில்லை. இத்தகைய ஊரில் அந்தி சாயும் வேளையில் பயணிக்குத் தேவைப்படுவன ஒரு கூரையும் ஒரு விளக்கும் ஒரு பிடி உணவுமே. இப்னு பதூதா முன்கூட்டியே அங்கு வாழ்ந்த அயல்நாட்டு முஸ்லிம்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மையவாடியருகே இறங்கி, அவர்கள் வாழும் பகுதிக்குச் சென்று, முகம்மது இப்னுல் ஃபகீஹ் என்பாரை விசாரித்தார். அவர் தம் வீட்டிற்கு எதிரிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்தி வைத்திருந்தார். அவருடைய உறவினரும் குர்ஆன் ஓதுநருமான அப்துல் வாஹித் ஒரு மெழுகுவர்த்தியும் உணவும் ஏந்தி வந்தார். பின்னர் ஊரின் காஜி, ஹஜ்ஜுச் செய்த கறுப்பினப் பெருமகனாரான அப்துர் ரஹ்மான், ஒரு பசுவை விருந்துப் பொருளாக அனுப்பினார். மன்னரின் மொழிபெயர்ப்பாளரான தூகா ஒரு காளையை அனுப்பினார். வலாத்தாவில் தாம் கட்டிய முடிவு எத்துணை அவசரமானது என்பதை இவ்வன்பளிப்புகளே அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

எனினும் சோதனை காத்திருந்தது. வந்த பத்து நாள்களில், கிழங்கு போன்றதொன்றால் ஆக்கிய கூழை உண்ட அறுவரும் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். வைகறைத் தொழுகையில் நின்றவாறே இப்னு பதூதா மயங்கி வீழ்ந்தார். எகிப்தியர் ஒருவர் வேர்களும் சோம்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்த மருந்தால் உயிர் தப்பினார். ஆயினும் இரண்டு திங்கள் நோயிற் கிடந்தார். அயலூரில் நோயுற்றாருக்கு அண்டை வீட்டாரே சுற்றம் என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

உடல் தேறியபின் அரசவையைக் கண்டார். மன்னர் அனுப்பிய முதல் விருந்து மூன்று அப்பமும் பொரித்த இறைச்சித் துண்டும் தயிரும் மட்டுமே. பட்டாடையும் பொற்காசும் எதிர்பார்த்தவர் நகைத்தார். பின்னர் அவையில் துணிந்து முறையிட்டு, தங்க வீடும் செலவுத் தொகையும் பெற்றார். அவ்வவையிலும் எவரும் மன்னரிடம் நேரே பேசவில்லை. தூகா வாயிலாகவே பேச்சு நடந்தது. வலாத்தாவில் அவர் இகழ்ச்சியெனக் கொண்டது அந்நாட்டில் பெரியோர் கைக்கொண்ட மரபேயாகும் என நாம் உணர்கிறோம்.

தமக்குப் பிடிக்காதவற்றை ஒளிக்காத இப்னு பதூதா, பாராட்டையும் ஒளிக்கவில்லை. அந்நாட்டில் அநீதி அரிது. உள்ளூரார்க்கும் வெளியூரார்க்கும் திருடர் அச்சமில்லை. அங்கே இறந்துபோகும் அயலவரின் செல்வம் எத்துணைப் பெரிதாயினும், உரியவர் வரும்வரை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வைத்துக் காக்கப்பட்டது. வெள்ளியன்று வெண்ணிற ஆடை உடுத்திப் பள்ளிவாசலை நிறைப்பதிலும், திருக்குர்ஆனை மனனம் செய்வதிலும் அம்மக்கள் காட்டிய ஈடுபாட்டை அவர் போற்றினார்.

1353ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நகரை நீங்கி, திம்புக்து, காவோ வழியாகத் தகத்தா அடைந்தார். மொரோக்கோ மன்னர் அபூ இனானின் ஆணை வரவே தாயகம் மீண்டார். மீண்ட கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தனர். அவர்தம் துயர் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. பிறர் குறை காண்பதில் கூர்மையான கண்ணும் தன் காலத்தின் குறையைக் காணாது போகலாம் என்பதனையும் நாம் மறத்தல் ஆகாது.

பின்னர் அவர் சொல்ல, இப்னு ஜுஸைய் என்னும் அறிஞர் 1355ஆம் ஆண்டு பயண நூலை எழுதி முடித்தார். 1368ஆம் ஆண்டையொட்டி இப்னு பதூதா காலமானார். மாலித் தலைநகர் இருந்த இடம் எதுவென்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. நகரின் சுவடு மறைந்தும், அதன் விருந்தோம்பல் அவர் நூலில் நிலைத்துள்ளது.

கல்விக்கும் தொழிலுக்குமாக அயல்நாடு செல்லும் நம் மாணவர்கள் இவ்வரலாற்றைப் பயில்வது நலம். முதல் நாள் விருந்தை வைத்து ஒரு நாட்டை எடைபோடாதிருக்கட்டும். நம் ஊருக்கு வந்து புதிய முகமாய் நிற்கும் அயலவர்க்கு, அப்துல் வாஹிதைப்போல் முதல் இரவிலேயே விளக்கும் உணவும் கொண்டு செல்வோராகவும் நாம் இருப்போமாக.